கொக்கனி பிடிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதிலேயே என் மனம் நிற்கிறது. அலுவலகத் தோழர்கள் ஆண்டர்சன் ராஞ்ச் நீர்த்தேக்கத்துக்குக் கொக்கனி மீன் பிடிக்கப் போகிறார்கள், உன்னையும் அழைத்தார்கள், "எனக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்குத் தொந்தரவாக இருப்பேன், அடுத்த முறை பார்க்கலாம்" என்று பதில் சொல்லிவிட்டேன் என்றாய். அந்தப் பதிலை மாற்றிக்கொள். வருகிறேன் என்று இன்றே சொல். நீ ஐடஹோ மாநிலத்துப் பாய்சிக்குப் போனதிலிருந்து, வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்டால் துணி துவைத்தேன், தூங்கினேன் என்கிறாய். ஒரு நாள் முழுவதும் தங்களுடன் இருக்க உன்னை நான்கு பேர் விரும்புகிறார்கள். படகில் இடம் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். மனதுக்குப் பிடிக்காத ஆளை யாரும் அதில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள்.

தெரியாது என்று சொன்னாய் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். திருச்சி மாமாவின் படகில், சேலத்து அத்தையும் அப்பாவும் நானும் கோடையில் கலிஃபோர்னியாவின் ஸ்டாம்பீட் நீர்த்தேக்கத்துக்குப் போவது நீ கல்லூரிக்குப் போன பிறகு தொடங்கிய வழக்கம். அதனால் நீ எங்களுடன் வந்ததே இல்லை. அங்கே கற்றதை எழுதுகிறேன். ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் போ.

முதலில் மீன். கொக்கனி என்பது கடலுக்கே போகாத சாக்கை சால்மன். இனம் ஒன்றுதான். அது கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும். இது ஏரியிலேயே வளர்ந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஓடையில் ஏறி முட்டையிடும். பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுதான் ஆயுள். ஒரே முறை முட்டையிட்டு இறந்துவிடும். இப்போது நீ பார்க்கப்போகும் மீன் வெள்ளித் தகடாக மின்னும். கோடையின் கடைசியில் அதே மீன் இரத்தச் சிவப்பாகி, ஆணுக்குத் தாடை கொக்கியாக வளைந்து, பாய்சி ஆற்றின் தென்கிளையில் மேல்நோக்கி ஏறும். செப்டம்பரில் பைன், ஃபெதர்வில் ஊர்கள் பக்கம் ஒருமுறை போய்ப் பார். தூண்டில் வேண்டாம், சும்மா கரையில் நின்று பார்.

அது தின்பது நீர்த்தெள்ளு போன்ற மிதவை உயிர்கள். மற்ற மீன்களைத் துரத்தித் தின்னும் குணம் அதற்கு இல்லை. அப்படிப்பட்ட மீன் இளஞ்சிவப்புத் தகட்டையும் ரப்பர் கணவாய்க் குஞ்சையும் ஏன் கடிக்கிறது? பசியால் அல்ல, எரிச்சலால் கடிக்கிறது என்பது பிடிப்பவர்களின் கணிப்பு. தன் கூட்டத்துக்குள் புகுந்து பளபளத்துத் திரியும் பொருளை அது விரட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் படகில் அவர்கள் செய்வது எல்லாம் உனக்குப் புரிந்துவிடும். தீனி காட்டி மயக்குவது அங்கே நடக்காது. அமைதியாக இருக்கும் மீனைச் சீண்டுவதுதான் வேலை.

சீண்டுவதற்கு டாட்ஜர் என்ற தகடு. படகு மெல்ல நகர நகர அது இடமும் வலமும் ஆடும். அதன் பின்னால் ஓர் அடிக்குள் கட்டிய குட்டித் தங்கூசியில், அதாவது நைலான் இழையில், தூண்டில் இருக்கும். தகட்டின் ஆட்டம் அப்படியே தூண்டிலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு குட்டையாகக் கட்டுகிறார்கள். முள்ளில் ஒன்றிரண்டு வெள்ளை மக்காச்சோள மணிகளைக் குத்துவார்கள். அவற்றை முதல் நாளே சூரை மீன் எண்ணெயிலோ பூண்டிலோ சோம்பு எண்ணெயிலோ ஊறவைப்பார்கள். எங்கள் படகில் அந்தப் பொறுப்பு சேலத்து அத்தையுடையது. பூண்டும் சோம்பும் சேர்த்து ஊறவைத்து, ஒரு சிறு டப்பாவில் கொண்டு வருவார். கையில் சன்ஸ்கிரீன் பூசிவிட்டுச் சோளத்தைத் தொடாதே. அந்த வாடை பட்டால் மீன் விலகும் என்று கொக்கனிக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். தூண்டிலைத் தொடும் முன் கையைக் கழுவு.

அடுத்தது ஆழம். கோடையில் மேல் நீர் சூடாகிவிடும். கொக்கனிக்கு 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் நீர்தான் பிடிக்கும். வெயில் ஏற ஏற அந்தக் குளிர்ந்த அடுக்கைத் தேடிக் கூட்டமாகக் கீழே இறங்கும். விடியலில் 30 அடியில் கடித்த மீன் பத்து மணிக்கு 50 அடிக்குப் போயிருக்கும். அந்த ஆழத்துக்கு லேசான தகட்டை இறக்கத்தான் டவுன்ரிகர். கம்பிக்கயிற்றில் தொங்கும் ஈயக்குண்டு அது. கம்பியில் ஒரு கவ்வி இருக்கும். உன் தங்கூசியை அதில் மாட்டி, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். தூண்டில் கோல் அரை வட்டமாக வளைந்து நிற்கும். மீன் கடித்ததும் தங்கூசி கவ்வியிலிருந்து விடுபடும், கோல் நுனி சட்டென்று நிமிரும். பிறகு துடிக்கும். அந்த நிமிர்வுக்காகத்தான் எல்லோரும் பேச்சின் நடுவிலும் கோலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசிக்கொண்டே பார்க்க நீயும் பழகிவிடுவாய்.

வேகம் மணிக்கு ஒரு மைல், மிஞ்சினால் ஒன்றரை. நடந்து போனாலே படகை முந்திவிடலாம். நேராகவே ஓட்டாமல் வளைத்து வளைத்து ஓட்டுவார்கள். வளைவில் உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி எழும். எந்தப் பக்கம் கடிக்கிறது என்று கவனித்தால் அன்றைக்கு மீனுக்கு எந்த வேகம் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் திருச்சி மாமா. நாற்பது ஆண்டு எஞ்சினியர் வேலை பார்த்த மனிதர் அந்த வளைவுகளில் காட்டும் பொறுமையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

கோல் நிமிர்ந்ததும் உன்னிடம் கொடுத்தால் பதறாதே. வெடுக்கென்று இழுக்கவும் இழுக்காதே. தளர்ந்த தங்கூசியை வேகமாகச் சுற்று. கனம் கையில் தெரிந்ததும் சீராகச் சுற்று. கொக்கனியின் வாய் வெற்றிலையைப் போன்றது, பலம் காட்டினால் கிழிந்துவிடும். அதனால்தான் மென்மையான கோல் வைத்திருக்கிறார்கள். அது துள்ளும், உருளும், திடீரென்று படகை நோக்கியே ஓடி வரும். தங்கூசி தளர்ந்ததும் போய்விட்டது என்று நிறுத்திவிடாதே, சுற்றிக்கொண்டே இரு. அதிகமாகத் தப்புவது படகின் ஓரத்தில்தான். கோரிவலையை நீருக்குள் தாழ்த்தி வைத்திருப்பார்கள், நீ மீனின் தலையை அதன் வாய்க்கு நேராகக் கொண்டு வர வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் படகில் யாரும் சும்மா இருக்க முடியாது. ஒருவர் படகைத் திசை மாறாமல் பிடிப்பார், ஒருவர் ஈயக்குண்டைத் தூக்குவார், ஒருவர் வலையுடன் குனிவார், ஒருவர் கோலுடன் நிற்பார். நீ ஐந்தாவது ஆள். தொந்தரவாக இருப்பேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. அங்கே கை போதாமல்தான் மீன் தப்புகிறது. "நான் என்ன செய்யட்டும்?" என்று ஏறியதும் கேள். வலையைக் கொடுத்தால் வலை. மீன் காட்டும் திரையைப் பார்த்து ஆழத்தைச் சொல்லச் சொன்னால் அதைச் செய். சிற்றுண்டியை நீ கொண்டு போ. விடியற்காலைக் குளிரில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்துப் பார், அடுத்த முறையும் உன்னை விடமாட்டார்கள்.

கொல்வது பற்றிக் கேட்டாய். அதைத் தவிர்க்காமல் எழுதுகிறேன். அந்தக் குளிர்ந்த ஆழத்திலிருந்து சூடான மேல் நீருக்கு இழுத்து வந்த மீனை, கையில் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டால் பல நேரம் பிழைக்காது. நீந்திப் போவது கண்ணுக்குத் தெரியும், சாவது தெரியாது. அதனால் பிடித்ததை வைத்துக்கொள், போதும் என்றானதும் தூண்டிலை எடுத்துவிடு. பிடித்து விட்டுப் பிடித்து விட்டு நாள் முழுக்க விளையாடுவது எனக்கு அறவே பிடிக்காது. தலையில் ஓர் அடியில் உயிர் போக வேண்டும். உடனே செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் போட வேண்டும். வெயிலில் கிடத்தினால் அரைமணியில் சதை குழைந்துவிடும். முதல் மீனை நீ செய்ய வேண்டாம், பக்கத்தில் இருந்து பார். இரண்டாவதை நீயே செய். உண்ணப்போகிறவர் அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஏரி நிறைய கொக்கனி இருந்தால் இரை போதாமல் எல்லாம் சிறுத்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றும் பருக்கும். மீன்வளத் துறையினர் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் குஞ்சு விடுவதையும் ஒருவர் எத்தனை பிடிக்கலாம் என்பதையும் முடிவு செய்கிறார்கள். எங்கள் கலிஃபோர்னியாவில் பெரும்பாலான ஏரிகளில் நாளுக்கு ஐந்து. அங்கே எத்தனை என்பதை இந்த ஆண்டு ஐடஹோ விதிப்புத்தகத்தில் நீயே பார். தோழர் சொன்னார் என்று விட்டுவிடாதே. உரிமம் வாங்காமல் கோலைத் தொடாதே.

நான் மேட்டூர்க்காரி என்பதால் நீர்த்தேக்கம் என்றாலே எனக்கு இரண்டு மனம். 1934-ல் எழுந்த அந்த அணைக்குள் போன ஊர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும். பரிசலில் போய் வலை விரிப்பவர்கள் அதைச் சுற்றித்தான் போவார்கள். நீ போகும் ஆண்டர்சன் ராஞ்ச் அணையும் வயலுக்காகக் கட்டியதுதான். 1941-ல் தொடங்கி 1950-ல் முடித்தார்கள். 456 அடி உயரம், அன்றைக்கு உலகிலேயே உயரமான மண் அணை. நீர் மீனுக்காகத் தேக்கியது அல்ல என்பதால் கோடை முற்ற முற்ற மட்டம் இறங்கும், படகு இறக்கும் சரிவு சில ஆண்டுகளில் நீரைத் தொடாது. கிளம்பும் முன் மட்டத்தை விசாரித்துக்கொள்ளச் சொல். எங்கள் ஸ்டாம்பீட் 1970-ல் கட்டியது. அதன் நீரைப் பெரும்பாலும் நெவாடாவில் உள்ள பிரமிட் ஏரியின் அரிய மீன்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள். வயலையும் ஊரையும் தாண்டி ஒரு மீனுக்காக அணையைத் திறப்பதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இனி அம்மாவின் கட்டளை ஒன்று. லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காதே, உடம்பில் போட்டுக்கொள், கரை ஏறும்வரை கழற்றாதே. நீ நன்றாக நீந்துவாய் என்று எனக்குத் தெரியும். மலை நீரின் குளிர் அதைப் பார்ப்பதில்லை. திடீரென்று விழுந்தவர் தன்னை அறியாமல் மூச்சை இழுப்பார், அந்த முதல் இழுப்பில் நீர் உள்ளே போனால் நீச்சல் உதவாது. பிற்பகலில் காற்று எழும். அலை வெள்ளையாக நுரைக்கத் தொடங்கினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும், திரும்பலாம் என்று வாய் திறந்து சொல். புதிதாக வந்தவள் எப்படிச் சொல்வது என்று தயங்காதே. ஓட்டுகிறவர் குடித்திருந்தால் ஏறாதே. இந்த இரண்டிலும் உன் தோழர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்த மீனைப் புளிக்குழம்பில் போடாதே. சிவந்த, எண்ணெய்ப் பசையுள்ள சதை அது, புளி அதை அடக்கிவிடும். உப்பு, மஞ்சள், இடித்த மிளகு மட்டும் தடவி, தோல் பக்கம் கீழே இருக்கத் தோசைக்கல்லில் போடு. தலையையும் முள்ளையும் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வை. யாராவது பச்சையாகச் சாப்பிடலாம் என்றால் வேண்டாம் என்று சொல். நன்னீர் சால்மனில் நாடாப்புழு இருக்கலாம், நன்றாக வேக வேண்டும்.

அப்பா ஒரு கோலும் ரீலும் பார்சலில் அனுப்பியிருக்கிறார், வியாழக்கிழமை வந்துவிடும். தங்கூசி சுற்றியிருக்கிறது, டாட்ஜர் இரண்டும் இளஞ்சிவப்புக் கணவாய் நான்கும் உறையில் இருக்கின்றன. முள் முடிச்சை நீயேதான் போட வேண்டும். வெள்ளி இரவு வீடியோவில் கூப்பிடு, போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் தோழர்களிடம் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா