வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களுக்கு இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், மனிதன் நேரத்தை அளந்த வரலாறு. எகிப்தின் நிழல் கடிகாரம், அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர் கணக்கு, 1656இல் ஹைகன்ஸ் உருவாக்கிய ஊசல் கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் பார்த்து முடித்தோம். நாழிகை வட்டிலுக்குத்தான் ஒரு மாலை முழுக்கப் போதவில்லை. அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டால், அது நிரம்பி மூழ்க 24 நிமிடம் ஆக வேண்டும். அதுதான் ஒரு நாழிகை. துளை நூலளவு பெரிதானாலும் கிண்ணம் முன்னதாகவே மூழ்கிவிடும். பிள்ளைகள் மெழுகால் அடைத்து, ஊசியால் மறுபடி குத்தி, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார்கள். முல்லைப்பாட்டில் பாசறையிலிருக்கும் அரசனுக்குப் பொழுது சொல்பவர்களும் நீரால் அளக்கும் கருவியைத்தான் நம்பினார்கள் என்றதும், இன்னொரு தடவை மிதக்கவிடச் சொன்னார்கள்.

அப்புறம் நம் மலேசியாவின் கதைக்கு வந்தோம். திடலில் கம்பு நட்டுப் பார்த்தபோது, நிழல் மிகக் குறுகியது பகல் ஒன்றேகால் மணி வாக்கில். உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வராததற்குக் காரணம் அரசாங்க உத்தரவுகள். மலாயாவின் கடிகாரம் 1905இல் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னே வைக்கப்பட்டது. 1933இல் 20 நிமிடமும் 1941இல் இன்னொரு 10 நிமிடமும் கூட்டினார்கள். 1942இல் ஜப்பானியர் டோக்கியோ நேரத்தைக் கொண்டுவர, ஒன்றரை மணி நேரம் ஒரேயடியாக முன்னே போனது. அந்தக் கணக்கில் இங்கே பொழுது விடியவே எட்டு மணி ஆகியிருக்கும். 1945இல் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பமும் சபா, சரவாக்கும் ஒரே நேரத்துக்கு வர, இன்னும் அரை மணி கூட்டப்பட்டது.

இந்த மாற்றங்கள் ரப்பர்த் தோட்டங்களையும் தொட்டன. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். மரத்துக்கு வேண்டியது விடியற்காலைக் குளிர்ச்சி. தொழிலாளர்களை வேலைக்கு முன் ஒன்றுகூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கான மணியோ ஆபிஸ் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கப்பட்டது. 1982இல் தங்கள் தோட்டத்தில் பெரட்டு நேரத்தை மாற்றாததால், நல்ல இருட்டிலேயே பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியதாக ஒரு பாட்டி சொன்னார். இப்படிப்பட்ட செய்தி எந்த அரசாணையிலும் இருக்காது. சொல்லக்கூடியவர்கள் வயது முதிர்ந்துவிட்டார்கள். தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகின்றன.

எனவே வரும் ஆண்டில் மூத்தவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யச் செயலவை பரிந்துரைக்கிறது. பழைய பெரட்டு மணி, செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் படமெடுக்கவாவது கொடுத்து உதவ வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்