"எல்லாம் நார்மல்தாம்மா" என்று சொல்லும் டாக்டர்களுக்கு

மதிப்பிற்குரிய பொதுநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேஜைக்கு நான் கொண்டுவரும் பச்சை ஃபைலில் ஆறு வருட ரிப்போர்ட் இருக்கிறது. தைராய்டு, வைட்டமின் டி, இரண்டு எம்.ஆர்.ஐ. புரட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்தாம்மா" என்பீர்கள். கைப்பை வார் பட்டாலே தோள் வலிக்கிறவளுக்கு அது நல்ல சேதியாகப் படுவதில்லை. உடம்பெங்கும் தீராத வலி தரும் இந்த நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் என்பதை ஐந்தாவதாகப் பார்த்த டாக்டர்தான் சொன்னார். அதற்கு முன் ஒருவர், "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த ஆறு வருடத்தில் "வயிறு எப்படி இருக்கு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஐ.பி.எஸ். என்கிற எரிச்சல் குடல் தொல்லையும் உண்டு, இந்த நோய்க்காரர்கள் பலருக்கும் இருப்பதுதான்.

மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் 156 பேரின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். அவர்களில் 77 பெண்களுக்கு இந்த நோய். 19 வகை பாக்டீரியாக்களின் அளவு அவர்களிடம் கூடியோ குறைந்தோ இருந்தது. ஒரே வீட்டில் வசிப்பவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள், 'சாப்பாட்டு வித்தியாசம்தானே' என்று தள்ளிவிட முடியாதபடி. ஆனால் பாக்டீரியா மாறியதால் வலியா, வலியால் அது மாறியதா? 2025-இல் நோயுள்ள பெண்களின் குடல் நுண்ணுயிர்களை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளுக்கு வலி வந்தது. ஆரோக்கியமானவர்களின் நுண்ணுயிர்களுக்கு மாற்றியதும் குறைந்தது. பிறகு நோயுள்ள 14 பெண்களுக்கும் அப்படி மாற்றிப் பார்த்ததில் வலி தணிந்திருக்கிறது.

பதினாலே பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. இதை வைத்து யாரும் சிகிச்சை எழுத முடியாது என்பது எனக்கும் புரிகிறது. நான் கேட்பது அந்தச் சிகிச்சையை அல்ல. இதே விஷயத்தை இதே அளவோடு நீங்கள் சொல்ல வேண்டும் என்கிறேன். நீங்கள் சிரித்து ஒதுக்கினால் எங்கள் வாட்ஸ்அப்பில் 'நல்ல பாக்டீரியா' என்று விற்கும் புரோபயாட்டிக் பவுடர்காரர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நானும் 2,400 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினேன். மூன்று வாரம் வயிறு உப்புசம். தோள் வலி இருந்த இடத்திலேயே இருந்தது. அதை உங்களிடம் சொல்லவும் கூச்சம்.

அடுத்த முறை ஃபைலின் மேலே ஒரு தாள் செருகியிருப்பேன்: எந்த நாள் என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி, வலி எவ்வளவு என்று. எம்.ஆர்.ஐ.-க்கு முன்னால் அதைப் படியுங்கள்.

இப்படிக்கு,
பச்சை ஃபைல்காரி