தமிழிலும் ஒரு பரிசு

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்வதேசச் சட்டத்தில் மாணவர் கட்டுரைப் போட்டி என்றால் இங்கே கண்ணில் படுவது ஆங்கில அறிவித்தல்தான். அதுவும் முடிவுத் திகதி போன பிறகும் நூலகப் பலகையில் தொங்கும். தமிழில் எழுத விஷயமா இல்லை? 1997இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தீர்த்த டானூப் நதி அணை வழக்கில், நம் நாட்டு நீதிபதி வீரமந்திரி தனது தனித் தீர்ப்புரையில் இலங்கையின் பழைய குளங்களை எடுத்துக்காட்டினார். பிணக்கோ ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும்! உன்னிச்சைக் குளத்து நீரில் விளைந்த சோறுண்டு வளர்ந்த பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் ஆண்டுக்கு ஒரு தமிழ்ப் பரிசு வைக்கலாமே. தொகை சிறிதானாலும் சரி, வென்ற கட்டுரை அச்சில் வர வேண்டும். அப்புறம், அறிவித்தலை மூன்று மாதம் முன்பே ஒட்டுங்கள்.

வாசகர்,
ஆயித்தியமலை, மட்டக்களப்பு.