சித்தப்பாவை மாமா என்று எழுதினால் கொலைக்கான காரணமே மறைந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பிராங்கு இன மன்னன் குளோவிஸின் குடும்பத்தைப் பற்றி வந்த கட்டுரையையும் வம்சாவளிப் படத்தையும் படித்தோம். நம் பாடநூல்களில் ஓரிரு வரியில் கடந்துபோகும் ஒரு மரபுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் உறவுமுறைகள் பல இடங்களில் பிசகியிருக்கின்றன. பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துப் படிப்பதால் இதை எழுதுகிறோம்.

முதன்மையான பிழை குளோவிஸின் மகன் குளோடோமரைப் பற்றியது: "குளோடோமரின் பிள்ளைகளை அவர்களுடைய மாமன்கள் கொன்றனர்" என்று அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாரும் 'அங்கிள்'தான். தமிழில் அப்படி விட முடியாது. கொன்றவர்கள் சில்டபெர்ட்டும் குளோத்தாரும். இருவரும் குளோடோமரின் உடன்பிறந்த தம்பிகள், ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குச் சித்தப்பாக்கள். தாய்மாமனுக்கு அங்கே பங்கு கிடையாது, பங்காளிக்கு உண்டு. கொலை நடந்ததே பங்குக்காகத்தான்.

குளோவிஸ் 511 நவம்பரில் பாரிஸில் இறந்தபோது நான்கு மகன்கள் இருந்தார்கள். மூத்தவன் தியூடரிக் முந்திய துணைவிக்குப் பிறந்தவன். தந்தை இறந்தபோதே போர்க்களம் கண்ட ஆண்மகன். குளோடோமர், சில்டபெர்ட், குளோத்தார் மூவரும் அரசி குளோத்தில்டாவின் பிள்ளைகள். மூத்தவனுக்கே முழு அரசு என்ற வழக்கம் அவர்களிடம் இல்லை, நான்காகப் பிரித்தார்கள். தியூடரிக்குக்கு ரீம்ஸ், குளோடோமருக்கு ஒர்லேயான், சில்டபெர்ட்டுக்குப் பாரிஸ், குளோத்தாருக்குச் சுவாசோன். தங்கள் வரைபடம் இதை நான்கு தனி நாடுகளாக வண்ணம் தீட்டிக் காட்டுகிறது. உண்மையில் நான்கு தலைநகரங்களுமே வடக்கில்தான் இருந்தன. சுவாசோனுக்கும் ரீம்ஸுக்கும் இடையே உள்ள தூரம் உதகையிலிருந்து கோவைக்குப் போகும் தூரம்கூட இல்லை. தெற்கே 507இல் விசிகோத்துகள் (மேற்குக் கோத்துகள்) என்ற இனத்தாரிடம் வென்ற அக்குய்தேன் பகுதியிலும் ஆளுக்கொரு துண்டு கொடுக்கப்பட்டது. கோத்தகிரிப் பக்கம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது தேயிலை மேடு முழுவதும் ஒருவருக்கு, காரட் போடும் பள்ளம் முழுவதும் இன்னொருவருக்கு என்று விடமாட்டார்கள். இரண்டிலும் எல்லாருக்கும் துண்டு விழும். அதே கணக்குத்தான். இப்படித் துண்டு துண்டாகக் கலந்து கிடந்ததால்தான் ஒரு பங்காளி செத்ததும் மற்றவர்களின் கண் அவன் நிலத்தின் மேல் விழுந்தது.

524இல் அண்டை நாட்டவரான பர்கண்டியர்களோடு நடந்த வெசெரோன்ஸ் போரில் குளோடோமர் இறந்தான். அவனுடைய மூன்று பையன்களையும் பாட்டி குளோத்தில்டா தன்னிடம் வைத்து வளர்த்தாள். அண்ணன் பங்கு இந்தப் பையன்களுக்குப் போய்விடுமே என்று சில்டபெர்ட் தம்பியைப் பாரிஸுக்கு அழைத்தான். முடிசூட்டப் போகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டு, தங்கள் தாய் குளோத்தில்டாவுக்கு ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினார்கள்: பையன்களின் தலைமுடியை வெட்டலாமா, உயிரை எடுக்கலாமா? "அரசாள முடியாதென்றால் தலைமுடி இழந்து இருப்பதைவிடச் சாகட்டும்" என்று அவள் கோபத்திலும் துயரத்திலும் சொன்ன சொல்லே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒருவனுக்குப் பத்து வயது, மற்றவனுக்கு ஏழு. சின்னவன் சில்டபெர்ட்டின் காலைக் கட்டிக்கொண்டு கதறியபோது அவன் மனம் இளகியது. குளோத்தார் சில்டபெர்ட்டை அதட்டவே, அவன் பையனைத் தள்ளிவிட்டான். குளோத்தார் குத்தினான். மூன்றாவது பையன் குளோடோவால்டு தப்பினான். பிறகு தன் கையாலேயே முடியை வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிஸை ஒட்டிய சேன்-குளூ என்ற ஊர் அவன் பெயரில்தான் இருக்கிறது. அண்ணனின் நிலத்தைத் தம்பிகள் இருவரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் அதே நூற்றாண்டில் எழுதிவைத்தவர் தூர் நகர ஆயர் கிரகோரி.

கத்தரிக்கோல் எதற்கு என்று தங்கள் கட்டுரை சொல்லவில்லை. குளோவிஸின் குலமான மெரோவிங்கிய அரச குலத்துக்கு நீண்ட தலைமுடியே அடையாளம். அது போனால் அரசுரிமையும் போயிற்று. குளோவிஸின் தந்தை சில்டரிக்கின் கல்லறை 1653இல் தூர்னே நகரில் கிடைத்தது. அதிலிருந்த முத்திரை மோதிரத்தில் அரசனின் உருவம் தோளில் புரளும் கூந்தலோடும் கையில் ஈட்டியோடும் செதுக்கப்பட்டிருந்தது. குளோவிஸே சராரிக் என்ற வேறொரு பிராங்கு அரசனையும் அவன் மகனையும் பிடித்து முடியை வெட்டினான். அழுத தந்தையிடம் மகன், "பச்சை மரத்தில் வெட்டியதுதானே, மறுபடி துளிர்க்கும்" என்று ஆறுதல் சொன்னான். அது காதில் விழுந்ததும் குளோவிஸ் இருவர் தலையையும் வாங்கிவிட்டான். கவாத்து செய்த தேயிலைச் செடி எப்படித் துளிர்க்கும் என்று தெரிந்த நம் மலைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மாமன் முறையில் ஒருவர் இந்தக் கதையில் உண்டு. பர்கண்டி அரசன் சிகிஸ்மண்டு, குளோத்தில்டாவுடைய தந்தையின் உடன்பிறந்தவன் மகன். நம் முறைப்படி அவளுக்குச் சகோதரன், அவள் பிள்ளைகளுக்கு மாமன். அவனை மனைவி மக்களோடு கொன்று கிணற்றில் போட்டது குளோடோமர்தான். அதாவது இந்தக் குடும்பத்தில் மாமன் கொல்லப்பட்டவன். தாங்கள் அவனைக் கொலைகாரன் பக்கம் நிறுத்திவிட்டீர்கள். அதேபோல் கிழக்குக் கோத்து அரசன் தியோடரிக், குளோவிஸின் சகோதரி ஔடோஃபிளேடாவை மணந்தவன். குளோவிஸுக்கு மைத்துனன், பிள்ளைகளுக்கு அத்தை கணவர். தங்கள் படத்தில் அவனும் குளோவிஸின் மகன் தியூடரிக்கும் ஒரே ஆளாகக் கலந்துவிட்டார்கள்.

படத்தைத் திருத்தி வெளியிடுவதானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே தாயின் பெயரையும் எழுதுங்கள். தந்தை பெயரை மட்டும் போட்டு ஒரே கோடு இழுப்பதால்தான் குழப்பம். குளோத்தாருக்கு இது மிகவும் தேவை. அவன் இங்குண்டாவையும் அவள் உடன்பிறந்த அரெகுண்டாவையும் மணந்தான். சாரிபெர்ட், குந்த்ரம், சிகபெர்ட் மூவரும் இங்குண்டா மக்கள். சில்பெரிக் அரெகுண்டா மகன். (அவள் பெயர் பொறித்த மோதிரத்தோடு ஒரு கல்லறை சேன்-தெனீயில் 1959இல் கிடைத்தது.) குளோடோமரின் மனைவியாக இருந்த அண்ணி குந்தியூக்காவையும் குளோத்தாரே மணந்தான், அதைப் புள்ளிக்கோட்டால் காட்டலாம். பெயர்களின் கீழே பிறந்த ஆண்டைப் போடாதீர்கள், பெரும்பாலும் அவை ஊகமே. இறந்த ஆண்டும் தலைநகரமும் போதும். அடியில் பங்குகள் சேர்ந்த ஆண்டுகளைத் தனி வரிசையாகக் கொடுத்தால் நல்லது: 511இல் நான்கு பங்கு, 555இல் தியூடரிக்கின் கிளை அற்றுப்போனதும் அதுவும் குளோத்தாரிடம், 558இல் சில்டபெர்ட் ஆண்வாரிசின்றி இறந்ததும் எல்லாம் குளோத்தாரிடம், 561இல் அவன் இறந்ததும் மறுபடி நான்கு பங்கு.

அடுத்த மாணவர் பக்கத்திலேயே திருத்தம் வந்தால், நோட்டில் ஒட்டியதன் மேல் அதை ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.