பென்சிலால திருத்தின ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியும், போன மாசம் முழுக்க என்னோட சேர்ந்து நீங்களும் தான் அந்தரப்பட்டனீங்கள், அதால அதைத் திரும்பக் கதைக்கேல்ல. தண்ணி ஏறின பேஸ்மென்ற் காய்ஞ்சிட்டுது. நனைஞ்ச கொம்பியூட்டரில இருந்து ஒண்டும் எடுக்கேலாதெண்டு திருத்துற ஆள் கையை விரிச்சிட்டார். ஆனா 11 வருசமா யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்கட ஊரைப் பற்றி எழுதி வச்ச 63 கட்டுரையில 58 திரும்பக் கிடைச்சிட்டுது. நேற்று இரவு தான் எண்ணி முடிச்சனான். நித்திரை வரேல்ல, அப்பிடியே இருந்து இதை எழுதுறன், பிழையள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் எல்லாருக்குமா ஒரு நன்றி. லண்டனில இருந்தும் பாரிஸில இருந்தும் பழைய ஈமெயிலுகளைத் தோண்டி எடுத்து அனுப்பின ஆக்கள், ஃபோனில படம் பிடிச்சு வச்சிருந்த சூரிச் அக்கா, ஒஸ்லோவில இருந்து ஒரு கட்டுரையைத் தன்ர ஞாபகத்தில இருந்தே திருப்பி எழுதி அனுப்பின தம்பி (முக்கால்வாசி என்ர வசனம் அப்பிடியே இருந்தது, எப்பிடித் தான் நினைவு வச்சிருந்தாரோ), தண்ணி இறைக்க விடிய விடிய நிண்ட பக்கத்து வீட்டுக்காரர், நனைஞ்ச கொப்பியளை ஒவ்வொரு ஒற்றையாப் பிரிச்சு ஹோல் முழுக்க விரிச்சுக் காயவச்ச என்ர மகள், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, எண்டாலும் ஒரு ஒற்றையும் கிழியாமல் பார்த்தவள். உங்கள் ஒருத்தரையும் நான் மறக்க மாட்டன்.

ஆனா இந்த மடலை நான் எழுத வெளிக்கிட்டது ஒரு ஆளை நினைச்சுத் தான். பேர் போடக் கூடாதெண்டு கண்டிப்பாச் சொல்லிப்போட்டார், அதால ஐயா எண்டே சொல்லுறன். சண்டிலிப்பாய்ப் பக்கம் இருக்கிறார், தபால்காரரா வேலை செய்து ஓய்வெடுத்தவர். இந்தப் பிரச்சினை வருமட்டும் அப்பிடி ஒரு மனிசர் இருக்கிறாரெண்டே எனக்குத் தெரியாது.

போன கிழமை ஊருக்குப் போய் வந்த ஒரு பிள்ளை ஒரு பார்சல் கொண்டு வந்து தந்தது. காயவச்ச பனங்கிழங்கில இடிச்ச ஒடியல் மா, கொஞ்சம் புழுக்கொடியல், அதுக்குக் கீழ சணல் நூலால தைச்ச ஒரு தடிச்ச கட்டு. திறந்தால் என்ர எழுத்து! 41 கட்டுரை. அவரின்ர மனிசிக்குக் கண் பார்வை குறைவாம், ஃபோனில வாற எழுத்து தெரியாதாம், அதால ஒவ்வொருக்காலும் மகளைக் கொண்டு கடையில பிரின்ற் எடுப்பிச்சு, பின்னேரத்தில மனிசிக்குப் பக்கத்தில இருந்து சத்தமா வாசிச்சுக் காட்டுறவராம். இஞ்ச கனடாவில, ஸ்காபரோவில குளிருக்குள்ள ஒரு மேசைக்கு முன்னால இருந்து நான் எழுதினதுகள் அங்க ஒரு விறாந்தையில குரலா வந்திருக்கு. அதை அறிஞ்ச உடன கதிரையில இருந்திட்டன், கொஞ்ச நேரம் எழும்பேலாமல் போச்சு.

அதுக்குப் பிறகு தான் பென்சில் எழுத்தைக் கண்டனான். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னதா, தபால்கந்தோர் ஆக்கள் எழுதுற மாதிரி நேரான எழுத்து. அவர் வாசிக்கேக்க எங்கெங்க நான் பிழை விட்டிருக்கிறனோ அங்கெல்லாம் குறிச்சு வச்சிருக்கிறார். எனக்கு அனுப்ப எண்டு குறிச்சதில்லை, தனக்கும் மனிசிக்குமா குறிச்சது. எனக்கு இப்பிடி ஆச்செண்டு கேள்விப்பட்ட பிறகு அழிக்கத் தான் நினைச்சவராம், "அழிச்சால் கடுதாசி கிழிஞ்சிடும் எண்டு விட்டுட்டன், குறை நினையாதைங்கோ" எண்டு மேல ஒரு துண்டு வச்சிருந்தார். அதை அழிக்காமல் விட்டதுக்கு நான் அவருக்கு என்ன கைம்மாறு செய்யப் போறன்.

ஒண்டு ரெண்டு சொல்லவேணும். எங்கட ஒழுங்கை முடக்கில பூவரச மரம் எண்டு எழுதியிருந்தன். "பூவரசு இல்லை, கிளுவை வேலி. பூவரசு அடுத்த ஒழுங்கையில. இப்ப ரெண்டும் இல்லை, மதில்." அந்த ஒழுங்கையெல்லாம் சைக்கிளில திரிஞ்ச மனிசர், அவருக்குத் தெரியாமல் எனக்கோ தெரியும். யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை எண்டு பள்ளிக்கூடத்தில படிச்ச மாதிரி ஒரு இடத்தில எழுதியிருந்தன். அதுக்குக் கீழ நாலு வரி. மாரியில வழுக்கியாறு ஓடும், தெல்லிப்பழைப் பக்கம் வெளிக்கிட்டு அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் எண்டு வந்து அராலியில கடல்நீரேரியோட சேரும், மழை விட்டால் காஞ்சு போகும், அதுக்காக ஆறு இல்லை எண்டு சொல்லலாமோ எண்டு. அளவெட்டியில பிறந்து வளர்ந்தவள் நான். வயலுக்குள்ளால ஓடின அந்தத் தண்ணியில கால் வச்சு விளையாடினனான், வெள்ளவாய்க்கால் எண்டு தான் சொல்லுவம், அதுக்கு ஆறெண்டு பேர் இருக்கெண்டு யோசிக்கவே இல்லை.

எங்கட கிணத்துத் தண்ணிக்கு உலகத்தில இணையில்லை எண்டு உருகி உருகி எழுதின இடத்தில அவர் சண்டைக்கு வரேல்ல. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்து சனம் தண்ணிக்கு வாளியோட நிண்டதை மட்டும் எழுதி, "இதையும் ஒருக்கா எழுதுங்கோ" எண்டு விட்டிருந்தார். வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லாத சுண்ணாம்புக்கல் நிலம் எங்கட, நிலத்துக்குக் கீழ இருக்கிற அந்தத் தண்ணி தான் எல்லாம், அது பழுதாப் போனால் என்ன செய்யிறது. நான் இஞ்ச இருந்து இனிப்பா எழுதிக்கொண்டிருந்த அதே வருசங்களில தான் அதுகள் நடந்தது.

என்னை ஆகலும் உலுப்பினது ஒரே ஒரு வசனத்தில செய்த திருத்தம் தான். ரயில் பாதையைப் பற்றி 2016ல ஒரு கட்டுரை எழுதினனான். கொழும்பில இருந்து வாற யாழ்தேவி ரயில் 1990ல நிண்டதையும், தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர் கட்டப் போனதையும் சொல்லிப்போட்டு, கடைசியில "ரயில் போன பாதையில இப்ப ஆடு மேயுது" எண்டு முடிச்சிருந்தன். எனக்கு நல்லாப் பிடிச்ச வசனம், கனபேர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கினம். ஐயா "இப்ப" எண்டதை வெட்டி, "மேயுது" எண்டதை "மேய்ஞ்சது" எண்டு மாத்தியிருந்தார். பக்கத்தில, "2014 ஒக்டோபர் 13 யாழ்ப்பாணம் வந்தது. 2015 தையில காங்கேசன்துறை. நாங்கள் ரெண்டு பேரும் மல்லாகத்தில ஏறிப் போனனாங்கள்." அவ்வளவு தான்.

நான் எழுதேக்க ரயில் ஓடத் தொடங்கி ரெண்டு வருசம். எனக்குச் செய்தி தெரியும், தெரிஞ்சும் கை "மேயுது" எண்டு தான் எழுதியிருக்கு. 1996ல வெளிக்கிட்டவளுக்கு ஊர் 1996ல தான் நிக்குது. வெளிநாட்டில இருந்து ஊரை எழுதுற எங்களுக்கு எல்லாமே நிகழ்காலமாத் தான் வருது, அம்மா கிணத்தடியில நிக்கிறா, கோயிலில மணி அடிக்குது, வேலிக்குள்ளால ஆரோ கூப்பிடுகினம். அங்க இருக்கிற சனம் அதை வாசிச்சிட்டு, இது எந்த ஊரெண்டு யோசிச்சிருக்குங்கள். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. அன்பில தான் சொல்லாமல் விட்டவை எண்டு இப்ப விளங்குது.

திங்கள் இரவு அவருக்கு ஃபோன் எடுத்தன், எனக்கு 9 மணி, அவருக்கு விடிய ஆறரை. இவ்வளவு பிழை விட்டிட்டனே ஐயா எண்டு அழுதன். அவர், "பிழை இல்லைப் பிள்ளை, பழசு" எண்டார். பிறகு, "பழசையும் ஆரும் எழுதத் தானே வேணும், எங்களுக்குப் புதுசைப் பார்த்துப் பார்த்து உந்தப் பழசு மறந்து போச்சு, நீங்கள் கிளுவையைப் பூவரசெண்டு எழுதினபடியால் தான் அந்த வேலி எனக்கு ஞாபகம் வந்தது" எண்டார். மனிசி பின்னால நிண்டு தேத்தண்ணி ஆறுது எண்டு கூப்பிட்டது கேட்டது.

ஒரு கட்டுரையில மட்டும் திருத்தம் ஒண்டும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு பற்றினது. நாவற்குழிப் பாலம், மழை, கண்டி றோட்டில அடி அடியா நகர்ந்த சனம், குடையை மலர்த்திப் பிடிச்சு நாங்கள் குடிச்ச மழைத்தண்ணி. அதில நாள், நேரம், இடம் எல்லாத்திலயும் கட்டாயம் எங்கயாவது தடுமாறியிருப்பன். ஐயா ஒண்டையும் தொடேல்ல. கடைசி வரிக்குக் கீழ "நானும் அந்தப் பாலத்தில நிண்டனான்" எண்டு எழுதியிருக்கிறார்.

எழுத்து அழிஞ்சால் என்னெண்டு எங்கட ஆக்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை, 1981ல யாழ்ப்பாண நூலகத்தில 97,000 புத்தகம் எரிஞ்சதைப் பார்த்த சனம். என்ர கட்டுரையளை அதோட வச்சுக் கதைக்கேல்ல, அது பெரும் பாவம். ஆனா இவ்வளவு பேர் ஏன் ஒரு சொல்லுக் கேளாமல் ஓடி வந்தனீங்கள் எண்டு யோசிச்சால் அது தான் ஞாபகம் வருது. 2005ல இருந்து இணையத்தில நூலகம் எண்ட நிறுவனம் எங்கட பத்திரிகை, புத்தகம், கோயில் மலர், கல்யாண வாழ்த்து எண்டு எல்லாத்தையும் ஸ்கான் பண்ணிச் சேர்க்குது. நான் அதில எத்தனையோ தேடி எடுத்திருக்கிறன், என்ரதைக் குடுக்கவேணுமெண்டு மட்டும் ஒருநாளும் நினைக்கேல்ல. இப்ப 58ஐயும் குடுக்கப் போறன், ஐயா ஓமெண்டால் பென்சில் குறிப்போடயே. இனி எழுதுற ஒவ்வொண்டுக்கும் கீழ நான் அதை எந்த வருசம் கண்டதெண்டு போடுவன், ஊரில இருக்கிற ஒரு ஆளுக்காவது வாசிக்கக் குடுக்காமல் வெளியில விடமாட்டன். இது நான் உங்களுக்குத் தாற வாக்கு.

இன்னும் அஞ்சு கிடைக்கேல்ல. துலாவில தண்ணி இறைக்கிறது பற்றி ஒண்டு, கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்டது பற்றி ஒண்டு, அம்மாவின்ர ஒடியல் கூழ், மல்லாகம் ஸ்டேசன், மற்றது எதைப் பற்றினதெண்டு எனக்கே இப்ப ஞாபகம் வருகுதில்லை. ஆரிட்டையும் இருந்தால் அனுப்புங்கோ, பாதி எண்டாலும் பரவாயில்லை.

ஐயா, வாற மார்கழிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறன். மழை பெய்தால் வழுக்கியாத்தைக் காட்டுறன் எண்டு சொன்னனீங்கள். அன்ரிக்கு இந்த மடலை வாசிச்சுக் காட்டுங்கோ, நான் சுகமா இருக்கிறன் எண்டும் சொல்லுங்கோ.