வேகம் சரி, அழுத்தம் எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மேக்னம் எனப்படும், அதிக வெடிமருந்து பிடிக்கும் வகை ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளும் பழக்கம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த விஷயத்தைத் தொட ஆள் கிடைத்ததே பெரிய காரியம். பிரஸ், சுட்ட கூட்டை மறுபடி வடிவுக்குக் கொண்டுவரும் டை, தராசு என்று கருவிகளைப் பொறுமையாக விளக்கியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால் முழுக்க குண்டின் வேகம், வேகம் என்றே போகிறது. அழுத்தம், அதாவது மருந்து எரியும்போது துப்பாக்கிக்குள் எழும் வாயு அழுத்தம், என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், அதுவும் போகிற போக்கில் வருகிறது. வெடிபொருள் தர ஆய்வில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல் வந்தது. அமெரிக்கத் தொழில்துறை அதற்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பத்திச் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த 64,000ஐ, சுடுகிறவரின் கன்னத்துக்குச் சில அங்குலம் முன்னால், ஒரு பித்தளைக் கூடும் அதற்குப் பின்னால் வாயை அடைக்கும் எஃகு போல்ட்டும்தான் தாங்கி நிற்கின்றன.

நாங்கள் அதை அளந்த விதம் எளிமையானது. சோதனைப் பேரலில் (துப்பாக்கிக் குழாயில்) சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, இருக்கும் இடத்தில் ஒரு துளை, துளைக்குள் சின்ன பிஸ்டன், அதன் தலைமேல் ஒரு குட்டிச் செம்பு உருளை. சுட்டதும் பிஸ்டன் எகிறிச் செம்பை நசுக்கும். அதை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து, எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்று பார்த்து அட்டவணையோடு ஒப்பிடுவோம். இப்போது அழுத்தத்தை மின் சமிக்ஞையாக மாற்றும் பீசோ உணரி வந்துவிட்டது. செம்பு உருளையும் என்னைப் போல ஏறக்குறைய ஓய்வுபெற்றுவிட்டது.

வீட்டில் தோட்டா நிரப்புகிறவரிடம் பெரும்பாலும் இந்த இரண்டுமே இருக்காது. இருப்பது வேகமானி மட்டும். அது குண்டு எவ்வளவு வேகமாகப் போனது என்று சொல்லும். சேம்பருக்குள் என்ன நடந்தது என்று சொல்லாது. பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிப் போவது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது, போல்ட் தூக்கச் சிரமப்படுவது ஆகியவற்றை அபாய அறிகுறிகள் என்கிறார் கட்டுரையாளர். சரிதான். ஆனால் பல சமயம் இவை எல்லை தாண்டிய பிறகுதான் தெரியும். ‘அறிகுறி வரும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்’ என்று வாசகர் எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மருந்துக் கம்பெனி கையேட்டில் இருக்கும் தொடக்க அளவில் ஆரம்பித்து, அதன் உச்ச அளவுக்குள் நின்றுவிடுவதுதான் முறை. இடையில் பிரைமர் வகையையோ கூட்டின் பிராண்டையோ குண்டையோ மாற்றினால் மறுபடியும் கீழிருந்து தொடங்க வேண்டும். மருந்தை இஷ்டத்துக்குக் குறைத்தால் பத்திரம் என்றும் நினைக்கக் கூடாது. மெதுவாக எரியும் மேக்னம் மருந்தைக் கூட்டில் அரைகுறையாக நிரப்பினால் அதிலும் விபரீதம் உண்டு.

கட்டுரையில் வெயில் என்பதே இல்லை. தில்லியில் இருந்துகொண்டு இதை எப்படிக் கேட்காமல் இருப்பது? ஜனவரியில் ஐந்து டிகிரி, மே மாதத்தில் நாற்பத்தைந்து. மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். அதனால்தான் தோட்டாக்களைச் சூட்டு அறையிலும் குளிர் அறையிலும் தனித்தனியாக வைத்திருந்து, அப்புறம்தான் சுட்டுப் பார்ப்போம். மொன்டானாவில் இருக்கும் என் அக்கா மகன் இதைக் கேட்டுச் சிரித்தவன்தான். பனிக்காலத்தில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் ஒரு லோடு, அதாவது மருந்தும் குண்டும் சேர்ந்த நிரப்பு அளவு, பிடித்து வைத்திருந்தான். கோடையில், வெயிலில் நின்ற பிக்கப் வண்டியின் டாஷ்போர்டிலிருந்து அதே தோட்டாவை எடுத்துச் சுட்டபோது போல்ட் கைப்பிடியை உள்ளங்கையால் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. “மாமா, நீங்க சொன்னது சரிதான்” என்று போன் வந்தது. இப்போது வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத மருந்துகள் கிடைக்கின்றன. அவன் அதற்கு மாறிவிட்டான்.

இது புதிய பாடமும் இல்லை. நம் நீலகிரியில், குன்னூரிலிருந்து ஊட்டி போகும் ரயில் பாதையில் இருக்கும் அருவங்காடு தொழிற்சாலையின் பெயரிலேயே கார்டைட் உண்டு. நைட்ரோகிளிசரினும் பருத்தி வெடிமருந்தும் வாசலினும் கலந்து நூல் நூலாக இழுத்த மருந்து அது. வெயிலில் அழுத்தம் தாறுமாறாக ஏறும் குணம் அதற்கு. இந்தியக் காட்டில் சுட்டு முடித்த கூடு சேம்பரில் சிக்கிக்கொண்டால் எதிரில் நிற்கும் புலி காத்திருக்காது. ஆகவே பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்பினார்கள். பெரிய கூட்டில் குறைந்த அழுத்தம் என்று தோட்டாவையே வடிவமைத்தார்கள். 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தின் நீண்டு சரிந்த தோளும் (கூடு கழுத்தை நோக்கி ஒடுங்கும் பகுதி) கார்டைட் காலத்து உருவம்தான்.

அந்தத் தோட்டாவின் அடியில் ஓடும் பட்டையைப் பற்றியும் ஒரு திருத்தம். அது கூட்டுக்குப் பலம் சேர்க்க வைத்தது என்று எழுதியிருக்கிறார். இல்லை. தோள் அவ்வளவு சரிவாக இருந்ததால், தோட்டா சேம்பருக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிக்க வந்தது அது. .300 வின்செஸ்டருக்கு நல்ல தோள் இருந்தும் பட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, மேக்னம் என்றால் பட்டை வேண்டும் என்ற வியாபாரக் கவர்ச்சியில். பட்டையையே நம்பி, டையில் ஒவ்வொரு முறையும் தோளை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளினால், சுடும்போதெல்லாம் பித்தளை நீண்டு பட்டைக்குச் சற்று மேலே மெலிந்துபோகும். ஒருநாள் அங்கேயே இரண்டாகப் பிரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு உள்சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டை நசுக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

இனி துல்லியம். மூன்று குண்டு ஓர் அங்குலத்துக்குள் விழுந்துவிட்டால் ‘லோடு கிடைத்துவிட்டது’ என்கிறார் கட்டுரையாளர். ஒரே பெட்டித் தோட்டாவில் மூன்று மூன்றாகச் சுட்டுக்கொண்டே போனால் ஓர் இலக்குத் தாளில் முக்கால் அங்குலம் வரும், அடுத்ததில் ஒன்றேமுக்கால் வரும். நல்லது வந்த தாளை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்வது மனித சுபாவம். பத்து குண்டாவது சுட்டால்தான் ஓரளவு நம்பலாம், அதுவும் மெல்லிய வேட்டைப் பேரலை நடுநடுவே ஆறவிட்டு. விநாடிக்கு நூறு அடி வேகம் கூடினால் 300 கஜத்தில் குண்டு இறங்குவதில் ஓரிரு அங்குலம்கூட மிச்சமாவது கடினம். சுடுகிறவர் தோளில் விழும் இடியோ கூடிவிடும். இடிக்குப் பயந்து கண்ணை மூடி விசையை இழுப்பவருக்கு அந்த வேகத்தால் என்ன லாபம்? உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே, ஒவ்வொரு கூடும் ஒரே நீளம், ஒவ்வொரு குண்டும் ஒரே ஆழம் என்று நிரப்பிய தோட்டாதான் பெரும்பாலும் ஒழுங்காகக் கூடி விழுகிறது.

கட்டுரையின் கடைசியில் ‘நம் ஊரிலும் ஆர்வமுள்ளவர்கள் முயலலாம்’ என்று ஒரு வரி. தயவுசெய்து அடுத்த இதழில் அதைத் திருத்துங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும்; ரைஃபிள் வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஏழு ஆண்டில் தொடங்குகிறது. வேட்டையோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் முடிந்த கதை. இங்கே சுடும் ஆசை இருக்கிறவர்களுக்குத் துக்ளகாபாத்தில் கர்ணி சிங் ரேஞ்ச் இருக்கிறது, 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. அங்கே .22 அங்குலச் சிறு ரைஃபிள் பிடிக்கும் பிள்ளைகளுக்குத் தோட்டா நிரப்பும் பேச்சே இல்லை. அந்த வகைத் தோட்டாவைத் திரும்ப நிரப்புவது வழக்கத்திலேயே கிடையாது. தங்கள் ரைஃபிளுக்கு எந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தோட்டாத் தொகுதி) ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்து, அந்த லாட்டையே மொத்தமாக வாங்கி வைப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மாதிரிக் கட்டுரை வந்தால், தாத்தா காலத்துத் தோட்டா டப்பாவைப் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். எத்தனையோ கோடை அந்தப் பரணில் வெந்த கார்டைட் என்ன நிலையில் இருக்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சுடவும் வேண்டாம், பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். லைசென்ஸ் பெயரில் இல்லாத தோட்டாவை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதால், ஒரு வக்கீலைக் கேட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்படைத்துவிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தர ஆய்வாளர்,
மயூர் விகார், தில்லி