கோஸ்டா ரிகாவுக்குப் போகும் மகளுக்கு

மதுரை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நானும் அப்பாவும் இரண்டு முறை படித்தோம். டிசம்பரில் ஏழு நாள், அதற்குள் ஐந்து ஊர்! உன் அண்ணன் தலைநகர் சான் ஹோசேயில் வேலை பார்த்தபோது அங்கே மூன்று மாதம் தங்கியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், இரண்டு ஊரை அடித்துவிடு. நாடு சின்னதுதான், 51,100 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட வராது. ஆனால் நடுவே முதுகெலும்பு போல மலை ஓடுகிறது. வரைபடத்தில் ஒரு விரல் அகலம் இருப்பது சாலையில் நான்கு மணி நேரமாகிவிடும்.

முதலில் அடிக்க வேண்டியது தோர்த்துகேரோ. ஆமை பார்க்கத்தான் போவதாக எழுதியிருக்கிறாய். பச்சை ஆமைகள் அங்கே முட்டையிட வருவது ஜூலை முதல் அக்டோபர் வரை. டிசம்பரில் அந்தக் கரீபியன் கரையில் மழைதான் கொட்டும். பசிபிக் பக்கத்தில் அப்போதுதான் மழை விட்டு வெயில் தொடங்கும். கேரளத்தில் கொட்டும்போது மதுரை காய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தது கோர்கோவாடோ. தென்கோடியில் இருக்கும் பெருங்காடு, வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்கென்றே நாள் ஒதுக்கி இன்னொரு முறை போய்க்கொள்ளுங்கள்.

அரேனால் எரிமலையில் இரவில் நெருப்புக்குழம்பு வழிவதைப் பார்க்கலாம் என்று எந்தப் பழைய படத்தைப் பார்த்து எழுதினாய்? 1968இல் வெடித்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கனன்ற மலை, 2010இல் அடங்கிவிட்டது. வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. மாப்பிள்ளையின் முதுகுவலிக்காகவாவது ஒரு மாலை போய் வாருங்கள்.

இப்படி மிச்சமாகும் நாளில் ஒன்றைச் சான் ஹோசேக்குக் கொடு. விமானம் இறங்கியதும் கிளம்பிவிட வேண்டிய ஊர் என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறார்கள். நமக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை என்பது தெரியுமா? மதுரைக்கும் 9.9 பாகை, அதற்கும் 9.9. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே மாலையில் சால்வை தேடும். ஊரின் நடுவே ஒரு மேட்டில் மஞ்சள் நிறத்தில் பழைய கோட்டை நிற்கிறது. முன்பு அது பெயாவிஸ்தா ராணுவ முகாம், இப்போது தேசிய அருங்காட்சியகம். 1948இல் நாற்பத்து நான்கு நாள் உள்நாட்டுப் போர். வென்றவர் ஹோசே ஃபிகேரெஸ். வென்றவன் படையைப் பெருக்குவதுதான் உலக வழக்கம். அவர் அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி இந்த முகாமுக்கு வந்து, சம்மட்டியால் சுவரை இடித்து, ராணுவத்தையே கலைத்துவிட்டார். அடுத்த ஆண்டு அதை அரசியலமைப்பிலும் எழுதினார்கள். இன்றைக்கும் அங்கே போலீஸ் உண்டு, படை இல்லை. அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போனது என்று டாக்ஸிக்காரர்கூடப் பெருமையாகச் சொல்வார்.

கோட்டைச் சுவரில் குண்டு பட்ட பள்ளங்கள் அம்மைத் தழும்பு போல அப்படியே இருக்கின்றன. நான் போன அன்று அதன் நிழலில் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. 1971 போரின்போது உன் தாத்தாவிடமிருந்து வாரக்கணக்கில் கடிதம் வராமல் பாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சுவரை நீ தொட்டுப் பார்க்க வேண்டும்.

அதைப் பார்த்துவிட்டு மோந்தேவெர்தே போனால்தான் அந்தக் காடு உனக்குப் புரியும். 1951இல் அங்கே நிலம் வாங்கிக் குடியேறியவர்கள் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்த குவேக்கர் குடும்பங்கள், போரையே ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். போருக்குப் போக மாட்டோம் என்று அவர்களில் சிலர் சிறைக்கும் போனவர்கள். ராணுவம் இல்லாத நாடு என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள், ஓடைகளின் தலைமாட்டில் இருந்த காட்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். இன்றைய மேகக்காட்டுக் காப்பகத்துக்கு வித்து அதுதான். அங்கே மழை பெய்வதில்லை, மேகமே வந்து இலையில் ஒட்டிச் சொட்டுகிறது என்று தோன்றும். ஒரு கிளையில் இத்தனை பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் ஏறியிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அங்கே மட்டுமே வாழ்ந்த தங்கத் தேரையை 1989க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போ. டிசம்பரில் காற்றும் சாரலும் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

மானுவேல் அந்தோனியோ பூங்கா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். குரங்குகள் பையைப் பிடுங்கும், நம் அழகர்கோவில் குரங்குகளுக்குச் சளைத்தவை அல்ல. பசிபிக் கடலில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பார்க்கச் சாதுவாக இருக்கும் கரையில்கூட ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதே. கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்பு. இதை மாப்பிள்ளையிடமும் படித்துக்காட்டு.

சாப்பாட்டுக்கு 'சோதா' என்று பலகை போட்ட சின்னக் கடைகளைத் தேடுங்கள். நம் ஊர் மெஸ் மாதிரி. காலையில் சோற்றையும் கறுப்பு பீன்ஸையும் சேர்த்துப் புரட்டிய காயோ பிந்தோ கிடைக்கும். இறைச்சி வேண்டாம் என்றால் கோழியும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல். ஸ்பானிஷ் தெரியாதே என்று பயப்படாதே. அங்கே பெரும்பாலும் எல்லோரையும் 'உஸ்தெத்', அதாவது 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்ற குழந்தையைக்கூட! கோயம்புத்தூர்ப் பக்கம் 'வாங்க கண்ணு' என்பார்களே, அதே மரியாதை. பக்கத்து வீட்டு அம்மாள் தன் நாயையே 'நீங்கள்' போட்டு அதட்டுவார். வணக்கத்துக்கும் நன்றிக்கும் நலம் விசாரிப்புக்கும் சேர்த்து 'பூரா வீதா' என்ற ஒரே சொல் போதும்.

முகவரி கேட்டால் தெருப்பெயர் வராது. 'தேவாலயத்திலிருந்து வடக்கே இருநூறு மீட்டர்' என்பார்கள். நூறு மீட்டர் என்றால் ஒரு தெரு என்று எடுத்துக்கொள்.

அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. தினம் அந்த நேரத்தில் ஒரு வரி அனுப்பினால் போதும், அப்பா தூங்கிவிடுவார்.

இன்னொன்று. மரச்சட்டத்தில் துணிப்பையைத் தொங்கவிட்டு, பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றி இறக்குகிற காபி வடிகட்டி ஒன்று நாங்கள் கொண்டுவந்தோமே, 'சொர்ரெயாதோர்' என்பார்கள், அதன் பை நைந்துவிட்டது. சான் ஹோசேயின் மத்தியச் சந்தையில் பை மட்டும் தனியாகக் கிடைக்கும். இரண்டு வாங்கி வா.

அன்புடன்,
அம்மா